எண்ணெய் மரத்தின் பொந்து

அந்தக் காட்டுத் தரையில் உச்சிவேளையிலும் வெயில் விழாது. மழை விட்டு வெகுநேரமாகியும் இலைகள் சொட்டிக்கொண்டிருந்தன. அக்காவும் அத்தானும் நானும் எண்ணெய் மரத்தடிக்கு வந்து சேர்ந்தோம். அதன் வேர்கள் ஆளுயரப் பலகைகளாய் மண்ணிலிருந்து எழுந்து நின்றன. நடுவில் கதவில்லாத அறைபோல ஓர் இடம். கிளையே இல்லாமல் ஏறிப்போகும் அந்தத் தண்டின் உச்சியை நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

அடிமரத்தில் பொந்து வெட்டி, உள்ளே கொஞ்ச நேரம் தீ மூட்டினால் எண்ணெய் ஊறும். அதுதான் எங்கள் பிழைப்பு. தீயைத் தழைக்கொத்தால் அடித்துத்தான் அணைப்போம். வாயால் ஊதவே கூடாது. மரம் மூச்சின் ருசி கண்டுவிடும் என்பார்கள்.

அன்று தழை ஒடிப்பதற்குள் தீ பொந்தை மீறி ஏறிவிட்டது. அத்தான் குனிந்தார்.

"ஐயோ, ஊதாதீங்க!" அக்கா கத்தினாள்.

"ஏன், என் வாய் நாத்தத்துல மரம் செத்துடுமா?" என்று சிரித்துக்கொண்டே ஊதினார்.

தீ அணைந்தது. பூச்சிகளின் இரைச்சலும் நின்றது.

பிறகு பொந்து காற்றை உள்ளே இழுத்தது. ஈரமாக, நிதானமாக. அத்தானின் தலைமுடி அதை நோக்கிப் பறந்தது.

காட்டோரத்துக் குடிசைக்குத் திரும்பினோம். பாயில் படுத்த அத்தான் கண்ணை மூடவே இல்லை. அக்கா அவர் மூக்கின் கீழ் விரலை வைத்துப் பார்த்தாள்.

"சிட்டு... மூச்சே வரலடி."

அவர் எங்களையே பார்த்தார்.

"பொந்தைக் களிமண் வெச்சு அடைச்சிடு," என்றார்.

அக்கா என்னை வாசலுக்கு இழுத்தாள். "இது உன் அத்தான் இல்ல. அடைச்சுத் தொலைக்காதே. அவர் அந்தப் பொந்துக்குள்ள இருக்கார். ஓடு, போய் அவரைக் கூப்பிடு. நான் இதைப் பிடிச்சு வெச்சுக்கிறேன்."

ஓடினேன். வேர்களை நெருங்கும்போதே பொந்துக்குள் யாரோ மூச்சுத் திணறுவது கேட்டது.

"அத்தான்?"

"சிட்டு..." உள்ளிருந்து அவர் குரல்தான். "அக்காவைத் தனியாவா விட்டுட்டு வந்தே?"

எப்படித் திரும்பி வந்தேன் என்று தெரியாது. இருட்டிக்கொண்டிருந்தது. இருவரும் பாயில் அருகருகே உட்கார்ந்திருந்தார்கள். அக்கா சிரித்தாள்.

"எல்லாம் சரியாப் போச்சு. படு."

விளக்கருகே குனிந்து, உதட்டைக் குவித்து ஊதினாள்.

சுடர் அசையவே இல்லை.

மறுபடியும் ஊதினாள். பிறகு, மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"நீ ஊதுடி, சிட்டு."