நானூற்றுப் பதினேழாம் தூக்கம்

“யாரோட தூக்கம்ங்க வேணும்?”

மெத்தைக் கடையில் நித்திலாவிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி இதுதான். நீளம் எவ்வளவு, பஞ்சா ரப்பரா என்றெல்லாம் கோவையில் கேட்பதை விட்டுப் பல வருடங்களாகிவிட்டன. நன்றாகத் தூங்கும் ஒருவரின் மூளையலைகளைப் பதிவுசெய்து மெத்தைக்குள் ஏற்றிவிடுவார்கள். மெத்தையில் பின்னியிருக்கும் உணர்விழைகள் அந்த அலைகளைப் படுத்திருப்பவரின் தலைக்குள் மெல்ல மெல்லச் செலுத்தும். கொஞ்ச நேரத்தில் அவரும் அதே மாதிரி தூங்கிப்போவார். இதற்குத் துயில்பதிவு என்று பெயர். பதிவுக்குரியவரின் தொழிலைச் சொல்வார்கள், பெயரை மட்டும் சொல்ல மாட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு, அவ்வளவுதான்.

விற்பனையாளர் ரிஸ்வான் வரிசையாகக் காட்டிக்கொண்டே வந்தார். “இது கடல்ல மீன் பிடிக்கறவர் ஒருத்தரோடதுங்க. படுத்தா மிதக்கற மாதிரியே இருக்கும். இது தேயிலைத் தோட்டத்துல வேலை செய்யறவங்களோடது. கனவுத் தொந்தரவே கிடையாது.”

“நானூத்திப் பதினேழு இருக்குதுங்களா?”

ரிஸ்வான் சிரித்தார். “அதைத்தானுங்க இப்ப எல்லாரும் கேக்கறாங்க. நாலாயிரம் மெத்தைக்கு மேல போயிருச்சு.”

அந்த எண்ணை நித்திலா அறிந்தது தன் ஓரகத்தி கவிநயாவிடமிருந்து. கொழுந்தன் வீட்டில் பெரிய தோட்டம் இருந்தது, பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், கவிநயாவுக்குப் பாட்டும் வரும். இதற்கெல்லாம் நித்திலாவுக்கு ஒருநாளும் வயிறு எரிந்ததில்லை. ஆனால் நான்கு மாதங்களுக்கு முன் ஒரு காதுகுத்து விசேஷத்தில் கவிநயா வந்து நின்றபோது, அந்த முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு என்னவோ ஆகிவிட்டது. கண்ணுக்குக் கீழே ஒரு நிழல்கூட இல்லை. நாற்பத்திரண்டு வயதுக்காரி, பள்ளிக்கூடம் போகிற பெண்ணைப் போலத் துறுதுறுவென்று பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தாள்.

“மெத்தைதானுங்க்கா. நானூத்திப் பதினேழு. இப்படி ஒரு தூக்கம் இருக்கும்னே எனக்குத் தெரியாது. அந்தப் புண்ணியவதி யாரோ, நல்லா இருக்கட்டும்” என்றாள்.

அன்றிலிருந்து நித்திலாவுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. படுத்தால், இந்நேரம் அவள் தூங்கியிருப்பாள் என்ற நினைப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. நித்திலா மேம்பால ரயிலின் கட்டுப்பாட்டு அறையில் வேலை செய்பவள். போன வாரம் கண் செருகி, இரண்டு வண்டிகளை ஒரே நடைமேடைக்கு அனுப்பப் பார்த்தாள். இயந்திரமே தடுத்துவிட்டது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மேலதிகாரி, “தூங்கி எழுந்து வாங்கம்மா, அப்புறம் பார்க்கலாம்” என்று விடுப்பில் அனுப்பிவிட்டார்.

படுத்துப் பார்க்கும் கூடத்தில் ரிஸ்வான் அவளுக்கு நானூற்றுப் பதினேழைத் தயார் செய்து கொடுத்தார். நித்திலா ஆசையோடு சாய்ந்தாள். பத்து நிமிடம் போயிற்று. அரை மணி போயிற்று. பக்கத்துப் படுக்கையில் ஒரு பெரியவர் குறட்டையே விட ஆரம்பித்துவிட்டார். அவளுக்கு ஒன்றுமே நடக்கவில்லை.

“மீனவரோடதைப் போட்டுப் பாருங்க” என்றார் ரிஸ்வான்.

அதில் ஆறே நிமிடத்தில் தூங்கிப்போனாள். எழுந்ததும் தலை லேசாக இருந்தது. வேறு யாராக இருந்தாலும் அங்கேயே முடித்துக்கொண்டு வீடு போயிருப்பார்கள்.

“இது வேண்டாங்க. எனக்கு அவ தூங்கற தூக்கம்தான் வேணும்.”

ரிஸ்வான் அவள் நெற்றியில் மூளையலையை அளக்கும் அலைமானி ஒன்றை ஒட்டி வைத்துப் பார்த்தார். புருவத்தைச் சுருக்கினார். உள்ளே போய் யாரிடமோ பேசிவிட்டு வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“ஏனுங்க்கா, மூணு வருசத்துக்கு முன்னாடி பழைய மெத்தையைக் குடுத்துட்டுப் புதுசு எடுத்தீங்களா?”

“ஆமா, வீடு மாத்தறப்ப. அதுக்கென்ன?”

“மெத்தை இழைங்க படுக்கறவங்க தூக்கத்தையும் பதிஞ்சு வெச்சுக்கும்ங்க. அதை நிறுவனம் எடுத்துக்கலாம்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க. எல்லாரும் படிக்காமப் போடறதுதான். வெளியில சொல்லக் கூடாது. ஆனா உங்ககிட்டயே எப்படிங்க மறைக்கறது? நானூத்திப் பதினேழு உங்க தூக்கம்ங்க.”

“அப்புறம் ஏன் எனக்கே தூக்கம் வரல?” என்றாள் நித்திலா.

“இன்னொருத்தர் தாளத்துக்கு உங்க மூளையை இழுக்கறதுதான் மெத்தையோட வேலை. உங்க தாளத்தையே உங்களுக்குப் போட்டா எதை இழுக்கும்? நம்ம கையால நமக்கே கிச்சுகிச்சு மூட்டிக்கிட்டா சிரிப்பு வருமாங்க?”

முதலில் அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. நாலாயிரம் பேர்! வாசலைத் தாண்டுவதற்குள் அந்தப் பெருமை கசந்துவிட்டது. என்னுடைய தூக்கத்தை அவள் தூங்கிக்கொண்டு, என் எதிரிலேயே முகத்தை மினுக்குகிறாள். அப்படித் தூங்கிய நித்திலா எங்கே போனாள்? மூன்று வருடத்துக்கு முந்தைய தன்மீதே அவளுக்குப் பொறாமை பொங்கியது.

நேராகக் கவிநயா வீட்டுக்குப் போனாள். கவிநயா காபி கொண்டுவந்து வைத்து, “என்னங்க்கா, முகமெல்லாம் வாடிக் கிடக்குது” என்றாள். அந்தக் கரிசனம்தான் தாங்கவில்லை.

“நீ தூங்கறியே, அது என் தூக்கம். கடையிலயே சொல்லிட்டாங்க” என்றாள் நித்திலா.

கவிநயா கலகலவென்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே வந்தவள் நடுவில் நிறுத்தினாள்.

“அப்ப நீங்க… வருசக்கணக்கா இப்படியா தூங்கிட்டிருந்தீங்க?”

“அப்படித்தான் போல. எனக்கே தெரியல.”

“நான் மாத்திரையைப் போட்டுட்டுப் புரண்டுட்டு இருந்தப்பவெல்லாம் நீங்க இப்படிக் கிடந்து தூங்கியிருக்கீங்க. ஒரு வார்த்தை சொல்லலியேக்கா.”

நித்திலாவுக்குக் கவிநயாவின் வாடிய முகத்தைப் பார்க்க ஒரு கணம் இனித்தது. காபியை முழுதாகக் குடித்துவிட்டுத்தான் எழுந்தாள்.

பத்து நாள் கழித்துக் கவிநயாவே கூப்பிட்டாள். குரல் கம்மியிருந்தது. “அக்கா, அந்த மெத்தையில படுக்கவே முடியலைங்க்கா. கண்ணை மூடுனா நீங்கதான் வர்றீங்க. உங்களுக்குச் சும்மாவே கிடைச்சதை நான் காசு குடுத்து வாங்கியிருக்கேன்னு தோணுது. அப்புறம் எங்க தூங்கறது?”

இருவரும் சேர்ந்தே கடைக்குப் போனார்கள். ரிஸ்வான் அவர்களைப் பார்த்ததும் விஷயத்தைப் புரிந்துகொண்டார்.

“யாருன்னு தெரியாத வரைக்கும் நானூத்திப் பதினேழு இந்தக்காவைத் தவிர வேற யாருக்கும் தப்பினதே இல்லைங்க. இதுக்குத்தான் பேரை மறைக்கறோம். என் தப்பு, சொல்லியிருக்கக் கூடாது” என்று தலையைச் சொறிந்தார்.

முந்தின நாள்தான் வந்திறங்கிய புதுப் பதிவு ஒன்றை எடுத்தார். யாருடையது என்று அவருக்கும் தெரியாதாம். அருகருகே இரண்டு மெத்தைகளில் அதையே ஏற்றி, விளக்கைத் தணித்துவிட்டு வெளியே போனார்.

நித்திலா அசையாமல் படுத்தாள். உணர்விழைகள் வேலையைத் தொடங்கியது தெரிந்தது. கை கால் கனத்தது. இன்னும் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் தூக்கம் வந்துவிடும். ஆனால் பக்கத்து மெத்தையில் மூச்சு ஒரே சீராகக் கேட்டது. அதற்குள் தூங்கிவிட்டாளா?

பொறுக்க முடியாமல் ஒரு கண்ணை மட்டும் லேசாகத் திறந்து பார்த்தாள்.

கவிநயாவும் ஒரு கண்ணைத் திறந்து அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.