தம்பிக்குக் கொடுத்தது போக

பிரிக்பீல்ட்ஸில் அன்று மாலை நான்கு மணிக்கே வானம் இருட்டிவிட்டது. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை முடிந்து ரயிலைப் பிடிக்க ஓடிய மிஷெல், தெருத் திருப்பத்தில் குறுக்கே வந்தவன்மேல் மோதினாள். அவன் கையிலிருந்த அட்டைப்பெட்டி விழுந்து திறந்துகொண்டது. பிளாஸ்டிக் உறுப்புகள் சிதற, சிவப்பாய் ஒன்று மட்டும் கால்வாயை நோக்கி உருண்டது.

"ஐயோ மிஸ், பிடிங்க! அது கிட்னி!"

பாய்ந்து பிடித்தாள். அவரைக்கொட்டை வடிவம், கைப்பிடி அளவு... ஒரு கணம் அதையே பார்த்தபடி நின்றாள்.

"கண்ணு தெரியலையா சார்? எங்க கடைக்கு வாங்க, டெஸ்ட் பண்ணி விடுறேன்."

"மோதினது நீங்கதான்லா!"

"ஓடி வர்றவங்களுக்கு வழி விடணும்ல?"

அதற்குள் மழை கொட்டத் தொடங்கிவிட்டது. அவன் சிரித்தான். இமைகளில் துளிகள் நின்றன. தினமும் எத்தனையோ கண்களை அளந்து பார்ப்பவள் அவள். பவர் எவ்வளவு இருக்கும் என்று யோசிக்காமல் பார்த்த முதல் கண்கள் இவைதான்...

அவன் பெயர் லோகன். பக்கத்துத் தமிழ்ப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். அவளைப் போலவே கிள்ளான்காரன். ரயிலில் எதிரெதிரே இடம் கிடைத்தது.

"நாளைக்குப் பிள்ளைங்களுக்கு இதைத்தான் சொல்லணும். கேக்கறீங்களா?"

"கேக்கலன்னா விடவா போறீங்க?"

மடியில் உறுப்புகளைப் பொருத்திக்கொண்டே சொன்னான். "ஒவ்வொரு கிட்னிக்குள்ளயும் ஒரு மில்லியன் குட்டி வடிகட்டி இருக்கு. ரெண்டும் சேர்ந்து ஒரு நாளைக்கு நூத்தி எண்பது லிட்டர் வடிகட்டும். வெளிய போறது ஒண்ணரை லிட்டர்தான்."

"மிச்சம்?"

"ரத்தத்துக்கே திரும்பிரும். உடம்புக்கு வேணுங்கறதை வச்சுக்கிட்டு, கழிவை மட்டும் இந்த ரெண்டு குழாய் வழியா கீழ அனுப்பும். இதுதான் சிறுநீர்ப்பை. பலூன் மாதிரி விரியும். நிறைஞ்சு வர்றப்ப மூளைக்குத் தகவல் போகும். என் கிளாஸ்ல மட்டும் நான் போர்டுல எழுத ஆரம்பிச்சதுமே எல்லாருக்கும் நிறைஞ்சிரும்!"

மிஷெல் வாய்விட்டுச் சிரித்தாள். பக்கத்துச் சீட்டு மலாய்க்கார அம்மாள் திரும்பிப் பார்க்க, நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அதன் பிறகு தினமும் அதே ரயில்... அதே எதிர் இருக்கை. ஆறு வாரம் எப்படிப் போனதென்றே தெரியவில்லை.

ஒருநாள் அவன் கேட்டான். "எப்பவும் தண்ணி பாட்டிலோட இருக்கீங்களே, ஏன் மிஸ்?"

"ஒத்தைக் கிட்னி சார். ஒழுங்கா பாத்துக்கணும்லா."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். தம்பி கேவினுக்கு இரண்டும் பழுதாகிவிட்டன. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். குடிக்க நாளுக்கு அரை லிட்டர்தான். 'வேணாம்க்கா, உனக்கு இன்னும் கல்யாணம் ஆகல' என்று அவன் அழுதான். இவள் விடவில்லை. எட்டு மாதம் கெஞ்சி, சண்டை போட்டு, சம்மதிக்க வைத்தாள்.

"ஒண்ணரை வருஷமா அவன் ஒண்ணுக்கே போகல சார். ஆபரேஷன் முடிஞ்ச அன்னிக்கு யூரின் பை நிறைஞ்சிருச்சு. நர்ஸ் தூக்கிக் காட்டினாங்க. எங்கம்மா அதைப் பார்த்து சிலுவை போட்டுக்கிட்டாங்க! நன்றி சொல்ல வேற எதுவுமே தோணல அவங்களுக்கு..."

லோகன் சிரிக்கவில்லை. முகம் வெளுத்துப்போயிருந்தது. கிள்ளானுக்கு முன்பே, ஷா ஆலாம் வந்ததும் எழுந்தான். இறங்கிப் போய்விட்டான்.

மூன்று நாள் அவனைக் காணவில்லை.

செராஸிலிருந்து பெண் பார்க்க வந்தவர்களும் இப்படித்தான். விஷயம் தெரிந்ததும் 'யோசிச்சுச் சொல்றோம்' என்றார்கள், அதோடு சரி. இவனும் அவ்வளவுதானா? நான்காம் நாள் பெண்கள் பெட்டியில் ஏறினாள். அங்கே ஆண்கள் வர முடியாது. அன்று பார்த்து அவன் பிளாட்பாரத்தில் நின்றான். கண்ணாடிக்கு வெளியே கையசைத்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதற்கடுத்த நாட்களிலும் அப்படியே.

எட்டாம் நாள், ஈரக் குடையோடு ஓர் அம்மாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நீதானேம்மா மிஷெல்? நான் புஷ்பவல்லி. லோகனோட அம்மா. இந்தக் கோச்ல அவனை ஏத்த மாட்டாங்க. அதான் நான் வந்தேன்."

மிஷெல் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நான் நல்லாத்தான் இருக்கேன் ஆன்டி. டாக்டரே சொல்லியிருக்காரு..."

"அதைக் கேக்க வரலம்மா. அவனோட அப்பா நாலு வருஷம் டயாலிசிஸ்ல இருந்தாரு. லோகன் குடுக்கறேன்னான். டெஸ்ட் எல்லாம் பொருந்திச்சு. வாழ வேண்டிய பையன், வேணாம்னு அவருதான் மறுத்துட்டாரு. போன வருஷம் தவறிட்டாரு." குடையைக் கீழே சாய்த்து வைத்தார். "உன் கையைப் பிடிச்சுக்கலாமா? குடுத்த புள்ளையை ஒரு தடவ பாக்கணும்னு இருந்துச்சு."

அவள் கையை எடுத்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டார். இத்தனை நாள் இறுக்கிப் பிடித்திருந்ததெல்லாம் மிஷெலுக்கு உடைந்தது.

அடுத்த பெட்டியிலிருந்து இறங்கிய லோகன் கிள்ளான் நிலையத்தில் அவளெதிரே வந்து நின்றான். கூரை விளிம்பிலிருந்து மழை சரம் சரமாய் விழுந்துகொண்டிருந்தது. புஷ்பவல்லி நாசூக்காய் நாலடி தள்ளிப் போனார்.

"அப்பா ஒரு தடவ வேணாம்னதும் நான் விட்டுட்டேன் மிஷெல். நீங்க எட்டு மாசம் விடலன்னு சொன்னப்ப... உங்க முன்னாடி உக்காரவே வெக்கமா இருந்துச்சு."

"நான் வேற மாதிரி நினைச்சேன்... இப்ப என்ன, பாவம் பாத்து வந்தீங்களா?"

"பாவமா? உங்க தம்பி யாருன்னே எனக்குத் தெரியாது. ஆனா அவர் பொழைச்சதுக்கு உங்களுக்கு நன்றி சொல்லணும்னு மனசு அடிச்சுக்குது." மூச்சு வாங்கினான். "அதுக்காகக் கேக்கல. இந்த எட்டு நாளா சோறு இறங்கல. உங்களை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. கல்யாணம் பண்ணிக்கலாமா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, உதட்டோரம் துடித்த சிரிப்பை அடக்கினாள்.

"நான் வேணாம்னு சொன்னா?"

"நாளைக்கும் கேப்பேன். எட்டு மாசம் ஆனாலும் கேப்பேன்."

"எட்டு மாசமா? என்னால தாங்க முடியாதுலா..." தலை தாழ்ந்தது. "எனக்கும் தூக்கமே இல்ல... லோகன்."

'சார்' என்னாமல் அவள் அவனைப் பெயர் சொல்லி அழைத்தது அதுதான் முதல் தடவை.