ஆக்ஸிலுக்குள் ஒரு சாட்சி

அந்த உடம்பு காருக்கு அடியில் கிடந்தது.

இடுப்புக்கு மேலே எதுவும் தெரியவில்லை. கால்கள் மட்டும் வெளியே விறைத்து நீட்டிக் கொண்டிருந்தன. பக்கத்தில் ஒரு சுத்தியல். தரையில் கறுப்பாக, கொழகொழவென்று ஒரு திட்டு...

பதறாதீர்கள். உயிர் இருந்தது!

ஆள் ஒரு கம்பெனியில் கணக்காளர். லீவு நாளில் மட்டும் மெக்கானிக். அந்தத் திட்டு வெறும் கிரீஸ். கால் விறைத்ததற்குத்தான் காரணம் வேறு.

கொஞ்ச நாளாகவே ஸ்டியரிங்கைத் திருப்பினால் முன்சக்கரத்தில் 'டக்... டக்... டக்...' என்று சத்தம். ஆக்ஸில் நுனியில் இருக்கும் ஜாயிண்ட் அடி வாங்கிவிட்டது. ஒர்க்‌ஷாப்பில் விடலாம் என்று மனைவி தலைபாடாக அடித்துக் கொண்டாள்.

"அப்புறம் நான் எதுக்கு இருக்கேன்?" என்றார் கணக்காளர்.

விதி யாரை விட்டது!

ஜாக்கி வைத்தார். சக்கரத்தைக் கழற்றினார். ஜாயிண்ட்டை மூடியிருந்த ரப்பர் உறையைக் கத்தியால் கிழித்துப் போட்டு, பழைய ஜாயிண்ட்டைத் தட்டிக் கழற்றி, அப்பியிருந்த கிரீஸை விரலால் வழித்தார்.

விரலில் என்னவோ இடறியது.

துடைத்துப் பார்த்தார். மஞ்சளாக மின்னியது.

மோதிரம்!

கொஞ்சம் நெளிந்திருந்தது. ஆனால் சந்தேகமே இல்லை. அவருடைய கல்யாண மோதிரம்!

கால் விறைத்தது அப்போதுதான்.

போன மழைக்காலத்தில் இதே ரப்பரை இவரேதான் மாற்றினார். கையாலேயே கிரீஸை அள்ளி அள்ளித் திணித்தார். சாயங்காலம் பார்த்தால் விரல் மொட்டை! குழாய் மேல்தான் கழற்றி வைத்தேன் என்று அடித்துச் சொன்னார். அன்றைக்கு வீட்டில் இருந்த ஒரே விருந்தாளி மனைவியின் தம்பி.

"உன் தம்பிதான் எடுத்திருக்கான்! மோதிரம் இந்த வீட்டுக்குள்ள கிடைச்சா, அவன் கால்லயே விழறேன்!" என்று மார் தட்டினார்.

மனைவி சாதாரண மனைவி இல்லை. போலீஸ் இன்ஸ்பெக்டர்! கூடப்பிறந்த தம்பியைச் சமையலறை ஸ்டூலில் உட்கார வைத்து விசாரித்தாள். அவன் தேம்பித் தேம்பி அழுதான். அவளும் தன்னுடைய ஜோடி மோதிரத்தைக் கழற்றி டப்பியில் போட்டு பீரோவில் வைத்தாள். இவர் மோதிரம் கிடைக்கிறவரை அந்த டப்பியைத் திறப்பதில்லை என்று சபதம். அழுத முகத்தோடு தம்பி வீட்டை விட்டுப் போனான்.

அந்தத் தம்பிக்கு இன்று சாயங்காலம் சம்பந்தம் பேசப் போக வேண்டும். பொண்ணு அவனே பார்த்த பொண்ணு. அதற்குத்தான் கார். அதற்குத்தான் இந்த அவசரம்!

"என்னங்க!" வாசலில் அதட்டல். "தம்பி வந்துட்டான்!"

கணக்காளர் மோதிரத்தைக் கைக்குள் பொத்திக் கொண்டார்.

கார் ஷெட் வீட்டுக்குள் சேர்த்தியா, வெளியே சேர்த்தியா? மனசு ஒரு கணம் சட்டம் பேசிப் பார்த்தது. எடுபடவில்லை. பையில் போடலாமா? அவள் துவைக்கப் போடுவதற்கு முன்னால் பையைச் சோதனை போடுகிற ஜாதி!

புது ஜாயிண்ட் பக்கத்திலேயே, வயிறு நிறையக் கிரீஸோடு வாயைப் பிளந்து கிடந்தது.

அமுக்கினார் மோதிரத்தை உள்ளே!

ஜாயிண்ட்டை ஆக்ஸில் நுனியில் வைத்தார். சுத்தியலால் ஓங்கி அடித்தார்.

'டக்!' பூட்டிக் கொண்டது.

அப்பாடா! நாளைக்கு அவள் ட்யூட்டிக்குப் போனதும் கழற்றி எடுத்து ஆற்றில் வீசிவிடலாம்.

"அத்தான், நல்லா இருக்கீங்களா?" மச்சான் குனிந்து பார்த்தான். முகத்தில் பழைய வருத்தம் மிச்சம் இருந்தது.

"வாடா மச்சான்... வா, வா!" அளவுக்கு மீறிய பாசத்தோடு கணக்காளர் வெளியே ஊர்ந்து வந்தார். "வேலை முடிஞ்சாச்சு. சக்கரத்தை மாட்டினா கிளம்ப வேண்டியதுதான்!"

"என்னங்க, கை ஏன் இப்படி நடுங்குது?" இன்ஸ்பெக்டர் கண்ணைச் சுருக்கினாள்.

"சுத்தியல் பிடிச்ச கைம்மா."

"இடது கையில பிடிச்சீங்களா?"

கணக்காளர் இடது கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்.

அப்போதுதான் மச்சான் தரையிலிருந்து எதையோ எடுத்தான். மடிப்பு மடிப்பாக, கறுப்பாக, புத்தம் புதுசாக...

"அத்தான்... இது என்ன?"

புது ரப்பர் உறை!

"ஜாயிண்ட்டை மாட்டறதுக்கு முன்னாடி இதைத்தானே ஆக்ஸில்ல கோக்கணும்? இப்ப எப்படிப் போகும்? வாயி பத்தாதே!"

கணக்காளர் சிரிக்கப் பார்த்தார்.

"அது... இந்த வண்டிக்கு ரப்பர் அவ்வளவு முக்கியம் இல்ல மச்சான். ஒரு அழகுக்குப் போடறது."

"என்ன அத்தான் சொல்றீங்க? மண்ணு பூந்துடும், கிரீஸ் கொட்டிடும்! பொண்ணு வீட்டு வாசல்லயே வண்டி படுத்துட்டா என் மானம் என்னாகறது?"

"கழட்டுங்க!" என்றாள் இன்ஸ்பெக்டர்.

"வேண்டாம்மா. டாக்ஸியில போயிடலாம்!"

"டாக்ஸியா? நீங்களா?" இன்ஸ்பெக்டரின் புருவம் ஏறியது. பக்கத்து ஊரில் சாவு என்றாலும் நடந்தே போகிற மனிதர்! "தம்பி, நீ கழட்டுடா."

"நானே... நானே..."

"நீங்க அசையக் கூடாது!"

மச்சான் சுத்தியலை எடுத்தான். ஒரு போடு... இரண்டு போடு... மூன்றாவது போட்டில் ஜாயிண்ட் எகிறிக் கழன்று, இன்ஸ்பெக்டரின் காலடியில் உருண்டது.

அவள் அதைத் தூக்கினாள். ஒற்றை விரலை உள்ளே விட்டுத் துழாவினாள்.

வெளியே வந்த விரலில்... கிரீஸோடு ஒரு வளையம்!

அதைத் துடைத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"புது ஜாயிண்ட்டுக்குள்ள பழைய மோதிரம்..." இன்ஸ்பெக்டர் நிதானமாகச் சொன்னாள். "அப்ப இன்னைக்குத்தான் கிடைச்சிருக்கு. கிடைச்சதை மறைச்சிருக்கீங்க. என் தம்பியை நாம திருடனாக்கிட்டோம்!"

கணக்காளர் உடைந்தே போனார். கிரீஸ் கையோடு தடாலென்று மச்சான் காலில் விழுந்தார்.

"மன்னிச்சுடுடா மச்சான்! பாவி நான்! உன்னை அநியாயமா அழ வச்சுட்டேன்!" நிஜமாகவே கண்ணீர் வந்துவிட்டது.

"ஐயோ, எழுந்திருங்க அத்தான்! பெரியவங்க போய்..." மச்சான் அவரைத் தோளைப் பிடித்துத் தூக்கப் பார்த்தான். "நான் அன்னைக்கே மறந்துட்டேன். விடுங்க."

இன்ஸ்பெக்டர் கண்ணைத் துடைத்துக் கொண்டாள். "தங்கமான பிள்ளைடா நீ! இரு, இந்த நல்ல நேரத்துல என் மோதிரத்தையும் எடுத்துப் போட்டுக்கறேன். பீரோவுலதான் இருக்கு."

விடுவிடுவென்று உள்ளே போனாள்.

மச்சானின் முகம் மாறியது.

"அத்தான்... காலை விடுங்க."

"மன்னிச்சேன்னு வாயால சொல்லு மச்சான்!"

"மன்னிச்சேன், மன்னிச்சேன்! காலை விடுங்க!"

"மனசாரச் சொல்லலியே!" கணக்காளர் இன்னும் இறுக்கிக் கட்டிக் கொண்டார்.

"விடுங்கன்னா விடுங்க! நான் போகணும்!"

"எங்கடா?"

உள்ளேயிருந்து ஒரு அலறல்! "ஐயய்யோ! என் மோதிரம்!"

கணக்காளர் மெதுவாகத் தலையைத் தூக்கினார். மச்சான் காலை உருவப் பார்த்தான்.

வாசலில் இன்ஸ்பெக்டர். கையில் திறந்த டப்பி. உள்ளே காற்று!

"அக்கா... அது வந்து..." மச்சான் திக்கினான். "எடுக்காத மோதிரத்துக்கு அந்த ஸ்டூல்ல உட்கார வச்சு அந்தக் கேள்வி கேட்டே. பேருதான் கெட்டுப் போச்சே, சும்மா எதுக்குப் போகணும்னு... போகும்போது உன்னோடதை எடுத்துட்டேன்."

"எங்கடா இப்ப?"

"அவ விரல்ல... அந்தப் பொண்ணு விரல்ல. அளவு கச்சிதமா இருந்துச்சு அக்கா!"

கணக்காளர் பிடியை விடவில்லை. இப்போது அழுகை போய், முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது.

"நான் அப்பவே சொன்னேன்ல?" என்றார் தரையிலிருந்தே.

"நீங்க பேசாதீங்க!" இன்ஸ்பெக்டர் டப்பியைப் படாரென்று மூடினாள். "ரெண்டு பேரும் சேர்ந்து வண்டியை முடிங்க. ரப்பரை முதல்ல கோத்துட்டு! சாயங்காலம் கண்டிப்பா பொண்ணு வீட்டுக்குப் போறோம்."

மச்சான் முகம் மலர்ந்தது. "சம்பந்தம் பேசத்தானே அக்கா?"

"ரெய்டுக்கு!"