இடது பக்கம் தேன்!

"வீல்ல்ல்...!"

காலை நேரத்தில் அந்த வீட்டிலிருந்து கிளம்பிய அலறல் தெருமுனை வரை கேட்டது.

சத்தத்துக்குப் பேர் போன வீடுதான் அது. தினமும் அங்கிருந்து பாட்டு வரும். அக்கம்பக்கத்தார் அதையும் அலறல் என்றுதான் சொல்வார்கள். அதனால் கொஞ்ச நேரம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

அலறியது பெயிண்ட் கம்பெனி முதலாளியின் மனைவி. அக்கா வீட்டில் ஒரு ராத்திரி தங்கிவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தாள். பாட்டு கேட்கும் அறையின் கதவைத் தள்ளினாள். உள்ளே...

கணவர் ஒரு ஸ்டூலின் காலடியில் குப்புறக் கிடந்தார்.

பின்மண்டை பிளந்திருந்தது!

அவருக்கு எதிரே ஆள் உயரத்தில் இரண்டு ஹார்ன் ஸ்பீக்கர்கள் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. முடிந்துபோன இசைத்தட்டு இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. ஊசி ஒரே இடத்தில் இடித்து இடித்து "டொக்... டொக்..." என்றது. எறும்பு தும்மினாலும் ஊருக்குச் சொல்லும் ஸ்பீக்கர்கள் அவை. அந்த டொக் அறை முழுக்கக் கேட்டது.

"ஹச்ச்!"

இந்தத் தும்மல் எறும்புடையது அல்ல. இன்ஸ்பெக்டருடையது.

இன்ஸ்பெக்டர் அம்மாளுக்கு நல்ல ஜலதோஷம். இரண்டு காதும் அடைத்திருந்தன. யார் பேசினாலும் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போலிருந்தது. சுவருக்குப் பஞ்சு, ஜன்னலுக்குக் கம்பளம், தரைக்கு மரம் என்று பார்த்துப் பார்த்துக் கட்டிய அறைக்கு, அன்றைக்குப் பார்த்து அப்படி ஒரு காது வந்து சேர்ந்தது.

"இதுதான் மேடம் ஆயுதம்." ஏட்டு மேஜையைக் காட்டினார். "டிரைவராம்."

"எந்த டிரைவர்? ஓடிட்டானா?"

"ஆள் இல்ல மேடம். இந்தச் சாமானுக்கே பேரு அதுதானாம். ஹார்னுக்குப் பின்னாடி மாட்டுவாங்க. சத்தம் இதுலேர்ந்துதான் வருது. முன்னாடி இருக்கிறது வெறும் குழாய்."

பூசணிக்காய் பருமனில் ஒரு காந்தம். அதன் ஓரத்தில் ரத்தம் காய்ந்திருந்தது.

"கைரேகை?"

"செத்தவரோடதை விட்டா ரிப்பேர்காரனோடது மட்டும்தான். நேத்து மத்தியானம் இங்க வந்திருக்கான். சாயங்காலம் கொலைன்னு டாக்டர் சொல்றார். ஆளை அமுக்கியாச்சு மேடம். கேஸ் முடிஞ்ச மாதிரிதான்!"

"அவ்வளவு சீக்கிரம் முடிஞ்சா எனக்கும் சந்தோஷம்தான். வீட்டுக்குப் போய் ஆவி பிடிக்கணும்... எங்க அவன்?"

ரிப்பேர்காரன் ஹாலில் விலங்கோடு உட்கார்ந்திருந்தான். கைக்குத்தான் விலங்கு. வாய்க்குப் போடும் விலங்கை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

"நான் கொல்லல மேடம்! சத்தியமா கொல்லல! ஊர்ல ஹார்ன் ஸ்பீக்கர் வெச்சிருக்கிறதே நாலு பேரு. அதுல பேரம் பேசாம கூலி குடுக்கிறது இவர் ஒருத்தர்தான். கறக்கிற மாட்டை எவனாவது வெட்டுவானா?"

"உன் ரேகை அதுல எப்படி வந்துச்சு?"

"அது என் சாமான் மேடம்! முதலாளியோட இடது பக்க டிரைவர் கரகரன்னு இருமிச்சு. உள்ள ஒரு தகடு இருக்கும், வெங்காயத் தோல் மாதிரி. அது கிழிஞ்சுபோச்சு. ரிப்பேருக்கு எடுத்துட்டுப் போனேன். வேற தகடு வர ரெண்டு வாரம் ஆச்சு. அதுவரைக்கும் அந்த இடம் காலியா இருக்க வேண்டாமேன்னு ஒப்புக்குச் சப்பாணியா இதை மாட்டி விட்டேன்."

"இது நல்ல சாமானா?"

"இதுவா? கட்சிக் கூட்டத்துல கம்பத்துல கட்டுவாங்களே, அந்தக் குழாயிலேர்ந்து கழட்டினது! 'தலைவர் அவர்களே'ன்னு கத்துறதுக்கு செஞ்சது. சங்கீதத்துக்கும் அதுக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது."

"அப்புறம்?"

"நேத்து இதைக் கழட்டிட்டு ஒரிஜினலை மாட்டினேன். இதை எடுத்துட்டுப் போகலாம்னு பார்த்தா, 'இங்கயே வெச்சிட்டுப் போ. இதை வெச்சு ஒருத்தருக்கு வேடிக்கை காட்டணும்'னு சொன்னார் முதலாளி. வயித்தைப் பிடிச்சிக்கிட்டுச் சிரிச்சார் மேடம்."

"யாருக்கு வேடிக்கை?"

"சொல்லலையே!" சட்டென்று அவன் குரல் உடைந்தது. "எனக்கு ரெண்டு பொண்ணுங்க மேடம். கொலைகாரன் பொண்ணுங்கன்னு ஊர் சொன்னா அதுங்க எப்படித் தலைநிமிர்ந்து நடக்கும்?"

எப்பேர்ப்பட்ட வாயாடிக்கும் தூக்குக் கயிறு கண்ணில் பட்டால் தொண்டை வறண்டு போகும். இன்னும் ஒரு மணி நேரத்தில் அவனை ஜீப்பில் ஏற்றிவிடுவார்கள். அது அவனுக்கும் தெரிந்திருந்தது.

இன்ஸ்பெக்டர் மறுபடி அந்த அறைக்குள் நுழைந்தாள். முதலாளியின் மனைவி சுவரோரம் நின்றிருந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

அறையின் நட்ட நடுவில் ஒரு தோல் நாற்காலி. இம்மியும் நகரக் கூடாதென்று அதன் நான்கு கால்களைச் சுற்றியும் தரையில் டேப் ஒட்டியிருந்தது. அதற்குப் பக்கத்தில் அந்த ஸ்டூல்.

"நாற்காலி யாருதும்மா?"

"அவரோடது. ரெண்டு குழாய் சத்தமும் சரியா வந்து சேர்றது அந்த ஒரு இடத்துலதானாம். கல்யாணமாகி இத்தனை வருஷத்துல என்னை ஒரு நாள் அதுல உக்கார விட்டதில்ல. ஒரு தடவை மடிச்ச துணியை அது மேல வெச்சுட்டேன். ரெண்டு நாள் முகம் குடுத்துப் பேசல."

"அப்ப வர்றவங்க?"

"எல்லாருக்கும் ஸ்டூல்தான்."

"ஆனா அவர் செத்தது ஸ்டூல்ல."

அந்தம்மாளின் அழுகை சட்டென்று நின்றது.

"ஆமா... அவர் ஸ்டூல்ல உக்கார மாட்டாரே!"

"எழுந்து நாற்காலியைக் குடுக்கற அளவுக்கு மரியாதைப்பட்ட ஆள் யாராவது உண்டா?"

"எங்கப்பா வந்தப்பவே ஸ்டூல். மந்திரி வந்தப்பவும் ஸ்டூல்தான். அவர் எழுந்திருக்கறது ஒரே ஒருத்தருக்குத்தான். பொற்காதுக்கு!"

"அது ஆளா, வியாதியா?"

"ஆள்தான். பத்திரிகையில எழுதறவர். எந்த ஸ்பீக்கர் உசத்தி, எது குப்பைன்னு தீர்ப்பு சொல்வார். அவர் காது தங்கம்னு எல்லாரும் சொல்வாங்க. அவரும் இல்லைன்னு சொன்னதில்ல." ஸ்பீக்கர்கள் பக்கம் திரும்பினாள். "நான் இந்தக் குழாய்களைத் திட்டாத நாள் இல்ல மேடம். இப்ப இந்த ரூம் சத்தமில்லாம கிடக்கிறதைத் தாங்க முடியல."

மேஜை மேல் ஒரு பத்திரிகை விரித்துக் கிடந்தது. போன வாரத்து இதழ். பொற்காதின் பக்கம். இன்ஸ்பெக்டர் எடுத்துப் படித்தாள்.

'நண்பரின் ஹார்ன் ஜோடியை இந்த வாரம் மீண்டும் கேட்டேன். இடது பக்கம் தேன்! என் அனுபவத்தில் இப்படியொரு டிரைவரைக் கேட்டதில்லை. வலது பக்கம் அதன் காலடியில் அமர்ந்து பாடம் கற்க வேண்டும்.'

போன வாரம். இடது பக்கம்!

இன்ஸ்பெக்டர் ரத்தம் காய்ந்த அந்தக் காந்தத்தைப் பார்த்தாள். பத்திரிகையைப் பார்த்தாள். பெரிதாக ஒரு தும்மல் போட்டாள்.

"ஏட்டய்யா, அந்தப் பொற்காதுக்குப் போன் போடுங்க. துக்கம் விசாரிக்க வரச் சொல்லுங்க. அதுக்குள்ள நான் ரிப்பேர்காரன்கிட்ட ரெண்டு வார்த்தை பேசிட்டு வர்றேன்."

"இன்னும் எதுக்கு மேடம் அவன்கிட்ட...?"

"உங்க கேஸ் முடிஞ்சுபோச்சு. என் கேஸ் இப்பதான் ஆரம்பிக்குது."

பொற்காது வந்தார்.

வெள்ளைத் தலைமுடி. கழுத்தில் மப்ளர். இரண்டு கையிலும் வெள்ளைப் பருத்தி உறைகள். இசைத்தட்டைத் தொட்டால் ரேகை படியுமே! அதனால் எந்நேரமும் உறைதான்.

அறைக்குள் வந்தவர் நேராக ஸ்பீக்கர்களிடம் போனார்.

"ஐயோ... இதுங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?"

பிறகுதான் விதவை ஒருத்தி நிற்பது ஞாபகம் வந்தது. அவளைப் பார்த்து ஒரு 'த்சொ' கொட்டினார்.

"கடைசியா எப்ப சார் இங்க வந்தீங்க?" இன்ஸ்பெக்டர் கேட்டாள்.

"பத்து நாள் இருக்கும். நேத்து பூரா நான் வீட்டை விட்டு நகரல. கட்டுரை எழுதிட்டு இருந்தேன்."

"நல்லது. கவலைப்படாதீங்க, குற்றவாளி கிடைச்சாச்சு. இவன்தான்." ரிப்பேர்காரனை முன்னால் தள்ளினாள். "ஒரே ஒரு விஷயத்துல மட்டும் உங்க கருத்து வேணும். நேத்து இவன் இடது பக்கத்து ஒயரைத் தலைகீழா கட்டிட்டானாம்."

ரிப்பேர்காரன் தலையைத் தொங்கப் போட்டான். "அவசரத்துல பிளஸ்ஸும் மைனஸும் மாறிப்போச்சு சார். இன்னிக்குக் காலையில போலீஸ் முன்னாடிதான் சரி பண்ணேன்."

"முட்டாள்!" பொற்காது சீறினார்.

"அப்படிக் கட்டினா என்ன சார் ஆகும்?"

"ஒரு பக்கம் தள்ளும்போது மறுபக்கம் இழுக்கும். பாடகி நடுவுல நிக்க மாட்டா. குரல் உடைஞ்சு ரூம் பூரா இறைஞ்சு கிடக்கும். பாவம் மேடம் அது. மகா பாவம்!"

"அதைக் காதால கேட்டே கண்டுபிடிக்க முடியுமா?"

பொற்காது வாயைத் திறப்பதற்குள் ரிப்பேர்காரன் முந்திக்கொண்டான்.

"யாராலயும் முடியாது மேடம்! மீட்டர் வெச்சாத்தான் தெரியும். முதலாளியே நேத்து கேட்டுட்டு 'பிரமாதம்'னு எனக்குப் போன் பண்ணார். இவருக்கு மட்டும் என்ன தெரிஞ்சிடும்? இவர் காதும் தங்கம் இல்ல மேடம்... கவரிங்!"

பொற்காதின் முகம் செக்கச் சிவந்தது.

"சரி விடு." இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தாள். "இப்ப சோதிச்சுப் பார்க்கவும் வழியில்ல, ஒயரைத்தான் சரி பண்ணியாச்சே. 'நிபுணர்களாலும் கண்டுபிடிக்க முடியாது'ன்னு எழுதிடறேன். பத்திரிகைக்காரங்க வாசல்ல நிக்கறாங்க. அவங்களுக்கும் இதையே..."

"நிறுத்துங்க!"

ஸ்பீக்கர் இல்லாமலே அறை அதிர்ந்தது.

"எது முடியாது? யாரால முடியாது? பாட்டு ஆரம்பிச்சு ரெண்டு வரி தாண்டல, நான் பிடிச்சுட்டேன்! இடது பக்கம் தலைகீழ்! பாடகி சுவத்துக்குள்ள போய் ஒளிஞ்சிக்கிட்டா! இதோ, இந்த நாற்காலியில உக்காந்து அவர் மூஞ்சிக்கு நேரா சொன்னேன்!"



"எப்ப சார் சொன்னீங்க?" இன்ஸ்பெக்டர் மெதுவாகக் கேட்டாள்.

பொற்காது கழுத்து மப்ளரைத் தளர்த்தினார்.

"ஒயரைக் கட்டினது நேத்து மத்தியானம். சரி பண்ணது இன்னிக்குக் காலையில. நடுவுல இருக்கிறது ஒரே ஒரு சாயங்காலம். நீங்கதான் வீட்டை விட்டே நகரலையே?"

பொற்காது கதவைப் பார்த்தார். ஏட்டு அதில் சாய்ந்துகொண்டு நின்றார்.

பொற்காது அந்த நாற்காலியிலேயே பொத்தென்று உட்கார்ந்தார்.

"சிரிச்சார் மேடம்... என்னை இதுல உக்கார வெச்சு, பாட்டைப் போட்டுட்டு, 'உன் தேன் எங்க இருந்து வழிஞ்சது தெரியுமா?'ன்னு அந்தக் கட்சிக் குழாய்ச் சாமானைத் தூக்கி என் மடியில போட்டார். இன்னிக்கு எங்க ரசிகர் சங்கத்துல எல்லார் முன்னாடியும் சொல்லப் போறேன்னார். வாழ்நாள் பூரா சேர்த்து வெச்ச பேரு மேடம்! கெஞ்சினேன். 'ஒரு தடவை சிரிச்சிட்டு விட்டுடறேன்'னார். எழுந்து பின்னாடி போனேன். அப்பவும் ஸ்டூல்ல உக்காந்து தோள் குலுங்கச் சிரிச்சிட்டே இருந்தார். கையில அது இருந்துச்சு..."

முதலாளியின் மனைவி அவர் எதிரில் வந்து நின்றாள்.

"எனக்கே குடுக்காத நாற்காலியை உங்களுக்கு எழுந்து குடுத்தாரே... அதுக்காகவாவது விட்டிருக்கக் கூடாதா?"



ரிப்பேர்காரனின் விலங்கு கழன்றது. அவன் அப்படியே தரையில் உட்கார்ந்து விக்கி விக்கி அழுதான். அதே விலங்கு வெள்ளை உறைக்கு மேல் ஏறியது. வாசல் வரை போன பொற்காது, சட்டென்று நெஞ்சை நிமிர்த்தித் திரும்பினார்.

"ஒண்ணு மட்டும் எழுதிக்குங்க மேடம். நான் கொலைகாரனா இருக்கலாம். ஆனா காது பொய் சொல்லல. தலைகீழ் ஒயரை நான் கண்டுபிடிச்சேன்!"

அழுதுகொண்டிருந்த ரிப்பேர்காரனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சார்... நான் ஒயரை ஒழுங்காத்தான் கட்டினேன்."

"என்ன...?"

"பிளஸ்ல பிளஸ். மைனஸ்ல மைனஸ். மேடம்தான் அப்படிச் சொல்லச் சொன்னாங்க."

"பொய்! காலையில சரி பண்ணேன்னு சொன்னியே!"

"பின்னாடி போய்ப் பாருங்க சார்," என்றாள் இன்ஸ்பெக்டர். "வந்த உடனே ஏட்டய்யா ரெண்டு ஸ்பீக்கருக்கும் சீல் வெச்சுட்டார். சீல் அப்படியே இருக்கு. காலையிலேர்ந்து ஒருத்தரும் தொடல."

பொற்காதின் முகத்தில் ஈயாடவில்லை. கொலையை ஒத்துக்கொண்டபோதுகூட அவர் இப்படி வெளிறவில்லை.

"அப்ப... சுவத்துக்குள்ள போன பாடகி?"

"நடுவுலதான் சார் நின்னுட்டு இருந்தாங்க. பாவம், உங்க மூக்குக்கு நேரா."

பொற்காது இன்ஸ்பெக்டரை நெருங்கினார். குரல் தாழ்ந்தது. கண்ணில் நிஜமாகவே நீர்.

"கொலைகாரன்னு எழுதுங்க. போட்டோ போடுங்க. தூக்குல வேணும்னாலும் போடுங்க! இந்த ஒயர் விஷயத்தை மட்டும் வெளிய விட்டுடாதீங்க மேடம். கெஞ்சிக் கேக்கறேன்!"

"கோர்ட்டுல எல்லாமே வந்துதான் சார் ஆகணும்." இன்ஸ்பெக்டர் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "இத்தனை வருஷம் நீங்க தீர்ப்பு சொன்னீங்க. இனிமே ஜட்ஜ் ஒண்ணு சொல்வார்... அதையாவது ஒழுங்கா காதுல வாங்கிக்குங்க!"