நிலக்சி கொண்டு ஓடிய பார்சல்

கனடாவையும் அமெரிக்காவையும் இணைக்கும் பாலத்தில் நடக்கும் ஓட்டப் பந்தயத்துக்கு நிலக்சியும் அப்பாவும் போகிறார்கள் என்ற செய்தி பரவியதும் முதலில் வந்தது வாழ்த்து அல்ல, ஒரு பார்சல்.

அதைக் கொண்டு வந்தவர் பக்கத்து வீட்டு மரியம்மா அன்ரி.

“பாலத்தாலை அமெரிக்கப் பக்கம் போட்டுத்தானே திரும்பி வாறியள், அண்ணை?” என்று அவர் அப்பாவிடம் கேட்டார். “என்ரை தங்கச்சி பிலோமினா அங்கை வந்து நிப்பாள். இதை அவளின்ரை கையிலை குடுத்துவிடுங்கோ.”

அப்பா பார்சலை முகர்ந்து பார்த்தார். “கருவாடோ?”

“கொஞ்சந்தான். மிச்சம் பருத்தித்துறை வடை.”

“மரியம்மா, நாங்கள் பிளேனிலை போகேல்லை. ஓடப்போறம்!”

“ஒரு கையிலை பிடிச்சுக்கொண்டு ஓட ஏலாதே?”

நிலக்சிக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அன்ரியின் முகத்தைப் பார்த்ததும் அதை விழுங்கிக்கொண்டாள். அன்ரிக்குக் கனடாவில் இன்னும் குடியேற்றப் பேப்பர் சரிவரவில்லை. அதனால் எல்லையைத் தாண்ட முடியாது. அமெரிக்காவில் இருக்கும் தங்கைக்கும் அதே நிலைமைதான். நிலக்சி பாலர் வகுப்புக்குப் போன காலத்திலிருந்து அக்காவும் தங்கையும் நேரில் சந்திக்கவே இல்லை.

“ஒவ்வொரு நாளும் வீடியோவிலை கதைக்கிறியள்தானே?” என்றார் அப்பா.

“ஓம் அண்ணை. அதுக்குள்ளாலை அவளின்ரை தலையைத் தடவ ஏலுமே?”

அப்பா பார்சலை வாங்கி வைத்தார்.

ஞாயிறு காலை அன்ரியும் அவர்களோடு வான் வண்டியில் ஏறி ஆற்றங்கரை நகரத்துக்கு வந்தார். அங்கே ஒரே கூட்டம். குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு ஓட வந்த அம்மாக்கள், பெரிய வாழைப்பழம்போல் வேடமிட்ட ஒருவர், புதுச் சப்பாத்தின் கயிற்றைத் திரும்பத் திரும்பக் கட்டும் நிலக்சியின் அப்பா.

செம்மஞ்சள் சட்டை போட்ட தொண்டர் ஒருத்தி அப்பாவின் கையில் இருந்த பார்சலைப் பார்த்தாள்.

“பாஸ்போர்ட்டைத் தவிர வேறு எதுவும் கொண்டுபோகக் கூடாது. சாப்பாடு கொண்டுபோகவே கூடாது,” என்றாள். அவள் மூக்கு லேசாகச் சுருங்கியது.

அன்ரி பார்சலைத் திரும்ப வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். “பறவாயில்லை. நீங்கள் ஓடிப்போட்டு வாங்கோ.”

அகலமான ஆற்றின் அந்தக் கரையில் மனிதர்கள் புள்ளி புள்ளியாகத் தெரிந்தார்கள். அன்ரி ஒரு சிவப்புப் புள்ளிக்குக் கையசைத்தார். பிறகு ஒரு நீலப் புள்ளிக்கும் கையசைத்தார். எது தங்கை என்று அவருக்குத் தெரியவில்லை.

பார்ட்டிகளில் அன்ரிமார் கொஞ்ச வந்தால் குளிர்க் கோட்டுகளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறவள் நிலக்சி. ஆனாலும் அதைப் பார்த்ததும் அன்ரியின் சட்டையை மெல்ல இழுத்தாள்.

“அன்ரி, பிலோமினா அன்ரியை நேரிலை கண்டால் முதல்லை என்ன செய்வீங்கள்?”

“என்ன செய்வன்? தலையைத் தடவி, ரெண்டு கன்னத்திலையும் கொஞ்சி, பிறகு ஒருக்கா காதைப் பிடிச்சு இழுப்பன். சின்னனிலை இருந்தே அவளுக்கு அப்பிடித்தான்.”

“அப்ப அதை எனக்குச் செய்யுங்கோ. நான் கொண்டுபோய்க் குடுக்கிறன்.”

அன்ரி பார்சலைக் கீழே வைத்தார். பிறகு குனிந்து தலையைத் தடவினார், இரண்டு கன்னங்களிலும் முத்தமிட்டுக் கொஞ்சினார், காதை இழுத்தார். காது கொஞ்சம் நொந்தது.

பந்தயம் தொடங்கியது. பாலத்தின் மேல் காற்று தள்ளியது. நிலக்சி நெற்றி வியர்வையைத் துடைத்தாள், கன்னத்தை மட்டும் துடைக்கவில்லை. வாழைப்பழம் அவர்களை முந்திக்கொண்டு போனது.

“உவரைப் பிடிக்காமல் விடமாட்டன்!” என்று அப்பா மூச்சிரைக்கச் சொன்னார். ஆனால் பிடிக்கவில்லை.

பாலத்தின் முடிவில் ஓர் அதிகாரி பாஸ்போர்ட்டுகளைப் பார்த்தார். “ஏதாவது கொண்டு வருகிறாயா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

நிலக்சிக்குப் பொய் சொல்லத் தெரியாது. “ரெண்டு முத்தம்.”

அதிகாரி தாடையைத் தடவி யோசித்தார். “அதற்கு வரி கிடையாது. போகலாம்.”

திரும்பும் இடத்தில், வேலிக்கு அந்தப் பக்கம், மரியம்மா அன்ரியின் மூக்கு அப்படியே இன்னொரு முகத்தில் இருந்தது.

“பிலோமினா அன்ரி!”

அவர் நிலக்சியின் வெறுங்கைகளைப் பார்த்தார். நிலக்சிக்கு ஒரு கணம் கூச்சமாக இருந்தது. பிறகு வேலியில் கால்வைத்து ஏறினாள். அவர் தலையைத் தடவினாள். இரண்டு கன்னங்களிலும் கொஞ்சினாள். காதைப் பிடித்து இழுத்தாள்.

பிலோமினா அன்ரி தன் காதைத் தொட்டுப் பார்த்தார். “அக்கா,” என்றார். அழுதாரா சிரித்தாரா என்று சொல்ல முடியவில்லை. “அவ இன்னும் என்ரை காதை விடேல்லையே!”

நிலக்சியை இறுக்கிக் கட்டிக் கொஞ்சிவிட்டு, அவள் உச்சந்தலையில் ‘டக்’கென்று ஒரு குட்டும் வைத்தார்.

“இதையும் கொண்டுபோய்க் குடு. காதைப் பிடிச்சால் நான் குட்டுவன். அக்காவுக்குத் தெரியும்.”

திரும்பும் வழியெல்லாம் நிலக்சிக்கு ஒரே கவலை. “அப்பா, பெரியாக்களுக்குக் குட்டலாமோ?”

“நீ எங்கை குட்டுறாய்? நீ... பார்சல்... கொண்டு போறாய்,” என்றார் அப்பா ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கியபடி.

முடிவுக் கோட்டில் பதக்கத்தோடு நீண்ட கைகளுக்குக் கீழால் புகுந்து நிலக்சி நேராக மரியம்மா அன்ரியிடம் ஓடினாள். கட்டிப்பிடித்துக் கொஞ்சினாள். பிறகு நுனிக்காலில் எழும்பி, பயந்து பயந்து, அவர் உச்சந்தலையில் மெல்ல ஒரு குட்டு வைத்தாள்.

அன்ரி கண்ணை மூடிக்கொண்டு நின்றார். ஒரு சொட்டு கன்னத்தில் உருண்டது.

“இன்னும் கொஞ்சம் பலமாக் குட்டு, பிள்ளை,” என்றார். “அவள் உப்பிடி மெதுவாக் குட்டமாட்டாள்.”