சக்கரத் தடம் இல்லாத சைக்கிள்காரர்

மதியம் மூன்று மணிக்கு வொசெல் ஊரின் ரொட்டிக்கடை திறந்தபோது, வாசலில் மயேல் ஜாந்தோ ஒருத்திதான் நின்றிருந்தாள். கையில் பை இல்லை. முகத்தில் ரத்தம் இல்லை. இரண்டையும் ரொட்டிக்காரர் கெய்தான் ஒரே பார்வையில் கவனித்துவிட்டார். கவனிப்பதில் தன்னை மிஞ்ச ஆள் கிடையாது என்பது அவருடைய நெடுநாள் நம்பிக்கை. அதற்கு எதிரான சான்றுகள் ஊரில் ஏராளம். ஆனால் நல்ல ரொட்டி சுடுகிறவரிடம் போய் அதையெல்லாம் யார் சொல்வார்கள்?

அன்று கல்லறைத் திருநாள். முந்தின நாளே குடும்பம் குடும்பமாகப் போய் அவரவர் கல்லறையில் சாமந்தித் தொட்டிகளை வைத்துவிட்டு வந்திருந்தார்கள். இன்று மதியம் பன்னிரண்டரைக்கு ஊரே சாப்பாட்டு மேசையில் இருந்த நேரத்தில், க்ளோவி லப்பாலுவின் முப்பத்தோரு வெள்ளை மாடுகள் மேய்ச்சல் நிலத்தின் இரும்புக் கேட் வழியாக வெளியேறி, சரிவில் இறங்கி, கல்லறைத் தோட்டத்துக்குள் போய்விட்டன. பெரிய குடும்பம், சின்னக் குடும்பம் என்று பேதம் பார்க்காமல் எல்லாக் கல்லறைக்கும் ஒரே மரியாதை செய்தன. ஆட்கள் வாயைத் துடைத்துக்கொண்டு ஓடி வருவதற்குள் நாற்பத்தாறு தொட்டிகள் மொட்டை. மேயர் மதாம் தெவ்னேயின் காலஞ்சென்ற கணவர்மேல் ஒரு கிழட்டுப் பசு படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. ஒரு கன்று பூவோடு நாடாவையும் தின்றுவிட்டு வைத்தியர் கையில் கிடந்தது.

பழி சைக்கிள்காரர்கள் தலையில் விழுந்தது. அந்தக் கேட் இருப்பது லோஜ் பாதையில். வேலிகளுக்கு நடுவே மேடும் பள்ளமுமாக எண்பத்து நான்கு கிலோமீட்டர் ஓடும் சரளைப் பாதைச் சுற்றில் அதுதான் நடுத்துண்டு. அந்தச் சுற்றை ஆறு வருடங்களுக்கு முன் வரைந்தவள் மயேல். அதை ஓட்ட வருகிறவர்களுக்காக ஊர்க்கோடியில் பன்னிரண்டு கட்டில் போட்டு விடுதி நடத்துகிறவளும் அவள்தான். லியோனிலிருந்து வந்திருந்த இரண்டு பேர் காலை ஒன்பது மணிக்கு அவள் வீட்டிலிருந்து கிளம்பி அந்த வழியாகத்தான் போயிருந்தார்கள். போதாக்குறைக்கு, கேட்டின் காலடியில் சைக்கிள் டியூப் ஒன்று கிடந்ததாம். மாலை ஆறு மணிக்கு ஊர் மன்றம் கூடுகிறது. லோஜ் பாதையில் சைக்கிளுக்குத் தடை என்று தீர்மானம்.

"நடுவுல வெட்டிட்டா அப்புறம் என்ன சுத்து இருக்கு, சொல்லுங்க?" என்றாள் மயேல். "ஒருத்தன் வரமாட்டான். வசந்தத்துல வீட்டு வாசல்ல விற்பனைக்குன்னு பலகை மாட்டிட்டு நான் கிளம்ப வேண்டியதுதான்."

"லியோன்காரங்க வேலைதான்" என்றார் கெய்தான். "பட்டணத்து ஆளுங்களுக்கு கேட்ட மூடுற பழக்கமே கிடையாது."

"உங்ககிட்ட ஆறுதல் கேட்டு வந்தேன் பாருங்க" என்றாள் மயேல்.

அந்த நேரத்தில்தான் ஒதில் பெராஷோன் தன் அன்றாட ரொட்டிக்காக உள்ளே வந்தாள். இருபத்தேழு வருடமாக அந்த வட்டாரத்தில் மஞ்சள் சைக்கிளில் தபால் கொடுப்பவள். எந்த வீட்டு நாய் எந்தக் காலைக் கடிக்கும் என்பது தொடங்கி, மொட்டைக் கடிதம் எழுதியவர் எந்தக் கடையில் உறை வாங்கினார் என்பது வரை அவளுக்குத் தெரியும். நடந்ததை எல்லாம் நிதானமாகக் கேட்டாள். ரொட்டியின் முனையை ஒடித்து வாயில் போட்டுக்கொண்டு, "போய்ப் பாப்போமே" என்றாள்.

கெய்தான் மேலங்கியைக் கழற்றிவிட்டு, 'பத்து நிமிடத்தில் வருகிறேன்' என்ற அட்டையை மாட்டினார். அந்த அட்டை உண்மை சொன்னதாக வரலாறு இல்லை.

அட்டைக்குப் பக்கத்திலேயே, கண்ணாடியில், லோஜ் பாதையில் சைக்கிளுக்குத் தடை கேட்டு நான்கு பக்கம் தட்டச்சு செய்த மனு ஒன்று ஒட்டியிருந்தது. ஒட்டியவர் முசியே ஷசிஞோல், ஓய்வுபெற்ற நோட்டரி, உயர்சக்கரச் சைக்கிள் சங்கத்தின் தலைவர். பதினோரு உறுப்பினர் கொண்ட அந்தச் சங்கத்தில் சராசரி வயது எழுபத்தொன்று. சரளையில் சைக்கிள் ஓட்டுவது சேற்றில் நாட்டியம் ஆடுவது போல என்பது தலைவரின் கருத்து. கனவான் தார்ச் சாலையில்தான் ஓட்டுவான். அதற்காகவே 'ஷசிஞோல் வட்டம்' என்று ஒரு தார்ச் சாலைச் சுற்றை வகுத்து, தொடக்கத்தில் தன் பெயர் பொறித்த கருங்கல்லும் நட்டிருந்தார். எட்டு வருடங்களில் அதைச் சுற்றியவர்கள் இரண்டு பேர்: ஷசிஞோல், பிறகு வழி தவறி வந்த ஒரு டச்சுக்காரர்.

ஒதில் மனுவின் முதல் பக்கத்தைப் படித்தாள். "எப்ப ஒட்டுனாரு?"

"ரெண்டு மணிக்கு. நான் மாடியில இருந்து பாத்தேன்" என்றார் கெய்தான்.

"மாடுங்கள எப்ப ஓட்டிக்கிட்டுப் போனாங்க?"

"ஒன்றரைக்கு. ஏன்?"

"ஒண்ணுமில்ல. நல்ல வேகம்."

லோஜ் பாதைக்கு மூவரும் போனபோது, க்ளோவி லப்பாலு கேட்டில் சாய்ந்து நின்றிருந்தார். மாடு தப்பியதைவிட ஊரார் தன்னை ஒரு மாதிரி பார்ப்பதுதான் அவருக்கு எரிச்சல். கேட் தானாக ஆடித் திறந்து கிடக்கவில்லையாம். முழுக்கத் தள்ளி, மூடாதபடி அடியில் கல் வைத்திருந்ததாம். சட்டைப்பையிலிருந்து டியூபை எடுத்துக் கொடுத்தார். மாடு துரத்துகிற அவசரத்தில் அப்படியே திணித்துக்கொண்டவர், இதுவரை யாருக்கும் காட்டவில்லை. கிடந்தது என்று வாயால் சொன்னதோடு சரி.

இளஞ்சிவப்பு நிறம். கோழிக்குடல் மாதிரி மெல்லிசு. ஒதில் அதை விரலில் சுற்றிப் பார்த்துவிட்டு, கெய்தான் கொண்டுவந்த ரொட்டிப் பைக்குள் போட்டு வாயை மடித்தாள்.

"மழை எப்ப விட்டுச்சு க்ளோவி?"

"எட்டுக்குப் பிடிச்சது, பதினோரு மணிக்கு விட்டுச்சு."

மாடுகள் கேட்டிலிருந்து கீழ்ப்பக்கமாகப் போயிருந்ததால் அந்தப் பக்கம் முழுக்கக் குளம்புச் சேறு. மேல்பக்கம் மட்டும் மழை வழித்துவிட்ட மாதிரி சுத்தமாக இருந்தது. நாற்பது அடி தூரத்தில் தார்ச் சாலை. அங்கிருந்து கேட் வரை வந்து, அதே வழியில் திரும்பிப் போன காலடித் தடங்கள். கெய்தான் மண்டியிட்டு, ஒதில் கையிலிருந்த நீள ரொட்டியை வாங்கி ஒரு தடத்தை அளந்தார். எதற்கென்று அவருக்கே தெரியாது. ஆனால் அளப்பது முறை. அடியில் பல் எதுவும் பதியாத வழுவழுப்பான தடம். முன்பாதத்தில் முக்கோணமாக ஒரு கட்டை அழுத்திய குழி. குதிகால் பட்டும் படாமலும்.

"வாத்து மாதிரி நடந்திருக்கான்" என்றார் கெய்தான். "ஊனமுற்ற ஆளா இருக்கணும்."

"பக்கத்துல என்ன இருக்கு பாரு."

கெய்தான் பார்த்தார். "ஒண்ணும் இல்லையே."

"அதான்" என்றாள் ஒதில்.

பிறகு மயேலிடம் இரண்டே கேள்வி கேட்டாள். அவள் விடுதிக்கு வருகிறவர்களின் ஷூ எப்படி இருக்கும்? "அடியில பல்லு பல்லா இருக்கும். ஏத்தத்துல பாதி பேரு தள்ளிக்கிட்டுத்தானே நடக்குறாங்க." அவர்கள் டயர்? "ரெண்டு கட்டைவிரல சேத்து வச்ச தடிமன். உள்ள டியூபே போடுறதில்ல, பசைதான் ஊத்துறாங்க. அவசரத்துக்குன்னு ஒண்ணு வச்சிருந்தாலும், அது பன்னிக்குடல் மாதிரி தடியா இருக்கும்."

கெய்தானிடம் அதற்குள் மூன்று குற்றவாளிகள் சேர்ந்துவிட்டார்கள்: லியோன்காரர்கள், க்ளோவியின் மைத்துனர், பாதிரியார். பாதிரியார் ஏன் என்று மயேல் கேட்டாள். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் அல்லவா, அதனால்தான் என்றார்.

ஆறு மணிக்கு மன்றத்தில் உட்கார இடமில்லை. ஷசிஞோல் சங்கத்தின் சீருடைக் கோட்டில் எழுந்து நின்று இருபது நிமிடம் பேசினார். முன்னோரின் துயில், மண்ணின் மாண்பு, தார்ச் சாலையின் நாகரிகம் எல்லாம் வந்தன. கன்றுக்குட்டிக்குக்கூட ஒரு வாக்கியம் ஒதுக்கினார். கடைசியில், குற்றவாளிகள் தங்கள் கருவியையே களத்தில் விட்டுச் சென்றார்கள் என்று விரலை உயர்த்தினார். பின்வரிசையில் மயேல் இரண்டு கைகளையும் முழங்காலுக்கு நடுவே இடுக்கிக்கொண்டிருந்தாள்.

மேயர் கை தூக்கச் சொல்வதற்கு முன் ஒதில் எழுந்தாள். மடித்த ரொட்டிப் பையை மேசைமேல் வைத்தாள்.

"அந்த டியூப் இதுல இருக்கு மதாம். ஆனா இத வச்சு ஒண்ணும் ஆகாது. சந்தையில ரெண்டு வாங்கினா ஒண்ணு சும்மா குடுப்பாங்களே, அந்த மட்டமான கறுப்பு ரப்பர். எந்தப் பரதேசி வேணும்னாலும் போட்டிருக்கலாம்."

ஷசிஞோலின் மீசை ஒருமுறை துடித்தது. அடக்கப் பார்த்தார் என்பதைக் கெய்தான்கூடக் கவனித்தார். முடியவில்லை.

"மதாம், தெரியாத விஷயத்துல வாய் வைக்காதீங்க. கறுப்பாவது, சந்தையாவது! அது சுத்தமான ரப்பர் பால்ல வார்த்தது. இத்தாலியில கையால செய்றாங்க. ரோஜா நிறம். உங்க தபால் வண்டிக்கெல்லாம் அது கட்டுப்படியாகாது."

"அப்படியா" என்றாள் ஒதில். பையைத் தலைகீழாக்கினாள். இளஞ்சிவப்பு டியூப் நழுவி மேயரின் முன்னால் விழுந்தது. "க்ளோவி பாத்தாரு. நாங்க மூணு பேரு பாத்தோம். பை இப்பத்தான் திறக்குது. நீங்க எங்க முசியே பாத்தீங்க?"

மேயர் டியூபைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

ஒதில் குரலை உயர்த்தாமல் அடுக்கினாள். சரளைச் சைக்கிளில் இந்த மெல்லிய டியூப் நுழையாது. தார்ச் சாலைப் பந்தயச் சைக்கிளுக்குத்தான் பொருந்தும். அடியில் முக்கோணக் கட்டை வைத்த வழுக்கு ஷூவும் அந்தச் சைக்கிளின் மிதிக்கட்டைக்கானது. லியோன்காரர்களின் தடத்தை மழை கழுவிவிட்டது. காலடிகளோ மழை விட்ட பின் விழுந்தவை. ஊர் முழுக்க மேசையில் இருக்கும் நேரத்தை வெளியூரான் கணக்குப் போட மாட்டான்.

"எல்லாத்துக்கும் மேல ஒண்ணு இருக்கு. காலடி இருக்கு, சக்கரத் தடம் இல்ல. சைக்கிள் ஷூ போட்டவன், சைக்கிள் டியூப் வச்சிருக்கவன், சைக்கிள மட்டும் ஏன் தார் ரோட்டுலயே விட்டுட்டு வாத்து மாதிரி நடந்து வரணும்? சரளையில ஏத்துனா அழுக்காயிடுமேன்னு. குத்தம் செய்யப் போற நேரத்துலயும் சைக்கிள் மேல அப்படி ஒரு கரிசனம் இந்த ஊர்ல யாருக்கு இருக்கு?"

எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பின. சங்கத்தின் மற்ற பத்து உறுப்பினர்களும் நாற்காலியை ஓசைப்படாமல் சற்றே தள்ளிப் போட்டுக்கொண்டார்கள்.

"மாடுங்க ரோட்டுக்கு வந்து நிக்கும்னுதான் நினைச்சேன்" என்றார் ஷசிஞோல். கோட்டுக்குள் ஆள் சிறுத்துவிட்டிருந்தார். "கல்லறைக்குப் போகும்னு யாரு கண்டா? எட்டு வருஷம். ஒருத்தன் கூட என் கல்லுகிட்ட நின்னு படம் எடுத்துக்கல. இவ பாதைக்கு ஜப்பான்லேர்ந்து வர்றான்."

மதாம் தெவ்னே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தீர்மானம் கைவிடப்படுகிறது என்றார். பிறகு தன் கணவரை நினைத்துக்கொண்டாரோ என்னவோ, சற்று யோசித்து அடுத்ததைச் சொன்னார்:

"முசியே ஷசிஞோல், க்ளோவி போலீசுக்குப் போகாம இருக்கணும்னா ஒரு வழி இருக்கு. நாற்பத்தாறு தொட்டி. மேட்டுப் பூந்தோட்டத்துல வாங்குங்க. லோஜ் பாதை வழியா நீங்களே கொண்டு போய் வைங்க. சைக்கிள்ல."

க்ளோவி கொஞ்சம் யோசித்து, கன்றின் வைத்தியச் செலவையும் சேர்த்துக்கொண்டு தலையாட்டினார்.

பின்வரிசையில் மயேல் கையை விடுவித்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நாளைக்கு எட்டுப் பேருக்கு ரொட்டி வேணும்" என்றாள் கெய்தானிடம்.

"எனக்கு அந்த ஷூத் தடத்தப் பாத்தப்பவே தெரியும்" என்றார் கெய்தான்.

"அப்ப பாதிரியார்?" என்றாள் ஒதில். "சரி விடு. அளந்த ரொட்டிக்குப் பதிலா எனக்கு வேற ஒண்ணு குடு. முனையெல்லாம் சேறு."

அடுத்த பத்து நாட்கள் காலையில் ரொட்டிக்கடை வாசலில் வழக்கத்தைவிடக் கூட்டம். ஷசிஞோல் தன் மெல்லிய டயரில், இருபுறமும் சாமந்தித் தொட்டி தொங்க, சரளையில் நடுங்கிக்கொண்டே இறங்குவார். ஆறு முறை பஞ்சர். ஏழாம் நாள், யாரிடமும் சொல்லாமல், பட்டணத்துக்குப் போய்த் தடி டயர் வாங்கி மாட்டிக்கொண்டு வந்தார். அன்றைய தொட்டிகளை வைத்து முடித்த பிறகும் பாதையில் இன்னொரு சுற்றுப் போனதை மாடியிலிருந்து கெய்தான் பார்த்தார்.

வசந்தத்தில் மயேல் புது வரைபடம் அச்சடித்தாள். லோஜ் பாதைக் கேட் இருக்கும் இடத்தில் சின்ன எழுத்தில் ஒரு வரி சேர்ந்திருந்தது: 'கேட்டை மூடிவிட்டுச் செல்லவும். நோட்டரியாக இருந்தாலும்.'