ஒன்பது பாட்டும் ஒரு வெற்று கேசட்டும்

சனிக்கிழமை காலை ஒன்பது மணி. தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே தன் ரிப்பேர் கடையில் ஒரு டேப் ரிக்கார்டரின் வயிற்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார் சலாவுதீன். ஹயாத் பாஷா மூச்சிரைக்க உள்ளே வந்தான்.

"ராஜாமணி சார் இருக்காருங்களா பாய்?" குரல் வெறும் காற்றாகத்தான் வந்தது.

1986-ல் ஹயாத்தைத் தெரியாதவர்கள் அந்த ஊரில் குறைவு. கிடாரும் கையுமாக ப்ளூஸ் பாடுகிறவன். அமெரிக்கக் கறுப்பர்கள் தங்கள் மனக்குமுறலைக் கொட்டிய சங்கீதம் அது. இவன் அதில் வற்றிய கிணற்றையும், பெங்களூருக்குப் பிழைக்கப் போன ஜனங்களையும் வைத்துத் தமிழில் பாடினான். முதல் கேசட் பெங்களூர் கல்லூரிகளில் சக்கைப்போடு போட்டது. இரண்டாவது ஆல்பத்தை வாங்கிப்போக, அன்று மதியம் இரண்டு மணிக்குக் கேசட் கம்பெனி ஆள் வருவதாக இருந்தது.

ராஜாமணி கடைக்கு மேலே மாடியறையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். கோர்ட் ரெக்கார்டு ரூமில் முப்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர்; இப்போது ஊராரின் சந்தேகங்களைத் தீர்த்துவைப்பதுதான் பொழுதுபோக்கு. சலாவுதீன் தன்னை அவருடைய வலதுகை என்று சொல்லிக்கொள்வார். ராஜாமணி அதை மறுத்ததில்லை, ஆமோதித்ததும் இல்லை.

ஹயாத் ஒரு கேசட்டை மேஜைமேல் வைத்தான். "ஒம்பது பாட்டு சார். வூட்டுலயே பதிவு பண்ணேன். வியாழக்கிழமை சாயங்காலம் போட்டுக் கேட்டுட்டு டப்பால வச்சேன். இன்னிக்குக் காலையில எட்டு மணிக்குப் போட்டா, ஒண்ணுமே இல்லீங்க. உஸ்ஸுன்னு சத்தம்தான்."

"வேற காப்பி?"

"இருக்கிறது ஒரே மிஷின். காப்பி எடுத்தா இரைச்சல் ஏறும்னு விட்டுட்டேன்."

"அதுக்கென்ன தம்பி, திரும்பப் பாடிட்டாப் போச்சு" என்றார் சலாவுதீன்.

ஹயாத் தொண்டையைத் தொட்டுக் காட்டினான். "உள்ள கட்டி. திங்கட்கிழமை பெங்களூர்ல ஆபரேஷன். குரல் திரும்புமான்னு டாக்டராலயே சொல்ல முடியல."

அசட்டுத்தனமாகப் பேசிவிட்டோமே என்று சலாவுதீனுக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது. இந்த ஒன்பது பாட்டுதான் அவனுடைய கடைசிப் பாட்டாகவும் இருக்கலாம்.

"வூட்டுக்கு யார் யார் வந்தாங்க?" என்றார் ராஜாமணி.

"நேத்து ரெண்டு பேருங்க. மாரண்டஹள்ளி சென்னப்பன். நான் முன்னாடி பாடின மெல்லிசைக் குழு ஓனர். 'என்னை விட்டுப் போனவன் உருப்பட மாட்டான்'னு திட்டிட்டுப் போனாரு. அப்புறம் அதியமான்கோட்டை குப்புராஜ். என் சிநேகிதன்தான். ரெண்டு பாட்டு எழுதினான். கேசட் அட்டையில அவன் பேர் போடலன்னு சண்டை."

"வூட்டு ஆளுங்க?"

"அம்மா ஊருக்குப் போயிருக்காங்க. அப்பா மட்டும்தான்."

அப்பா கவுஸ் பாஷா புத்தகம் பைண்டு செய்கிறவர். வீட்டின் கீழ்ப்பகுதியில் கடை, மாடியில் குடும்பம். பாட்டு என்றாலே அவருக்கு எட்டிக்காய் என்பது ஊரறிந்த விஷயம்.

"நேத்து கடையில அவர் இருந்தாரா?"

"வெள்ளிக்கிழமை கடை லீவுங்க. வியாழக்கிழமையே பசைச் சட்டியக் கழுவிக் கவுத்துடுவாரு. இன்னிக்கு ஆறு மணிக்குத்தான் பசை காய்ச்சினாரு. வேலையாள் யாரும் இன்னும் வரல."

இதற்குள் கேசட்டை எடுத்துத் திருப்பிய சலாவுதீன் துள்ளிக் குதித்தார். "சார்! லேபிள் ஓரம் இன்னும் ஈரமா இருக்குது. மைதா பசை! சென்னப்பன் ஆளுங்க போஸ்டர் ஒட்டுறது இதுலதான்."

ராஜாமணி கேசட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். லேபிளில் ஹயாத்தின் கையெழுத்து. ஓரத்தில் பிதுங்கியிருந்த பசை லேசான நீலப்பச்சை நிறத்தில் இருந்தது.

"தம்பி, பதிவு முடிஞ்சதும் முதுகுல இருக்கிற ரெண்டு பிளாஸ்டிக் துண்டையும் உடைச்சீங்களா?"

"அப்பவே உடைச்சிட்டேங்க. தெரியாம மேல பதிவாயிடக் கூடாதுல்ல?"

ராஜாமணி கேசட்டின் முதுகைச் சலாவுதீன் பக்கம் திருப்பினார். இரண்டு துண்டும் முழுசாக இருந்தன. இருபது வருஷமாக டேப் ரிப்பேர் செய்கிறவருக்கு முகம் சுண்டிப்போயிற்று.

"உடைச்ச துண்டு முளைக்காது பாய். உங்க பாட்டை யாரும் அழிக்கல தம்பி. லேபிளை உரிச்சுப் புதுக் கேசட்டுல ஒட்டியிருக்காங்க. நேத்து வந்த ரெண்டு பேரையும் பன்னெண்டு மணிக்கு உங்க வூட்டுக்கு வரச் சொல்லுங்க."

பைண்டிங் கடையில் கூடினார்கள். சென்னப்பன் முறைத்தபடி நின்றார். குப்புராஜ் யார் முகத்தையும் பார்க்கவில்லை. சலாவுதீன் இருவரையும் மாறி மாறிச் சந்தேகப்பட்டார். கவுஸ் பாஷா ஒரு பேரேட்டைத் தைத்துக்கொண்டே, "தொலைஞ்சது நல்லதுக்குத்தான்" என்றார்.

"இந்தப் பசையில மயில்துத்தம் கலந்திருக்குது" என்று ஆரம்பித்தார் ராஜாமணி. "பூச்சி அரிக்காம இருக்கப் போடுறது. என் ரெக்கார்டு ரூம் கட்டெல்லாம் இந்த நிறம்தான். மூணு நாள்ல கிழியப்போற போஸ்டருக்கு எவன் துத்தம் போடுவான்? அதனால சென்னப்பன் இல்ல."

"அப்ப குப்புராஜ்! இதே கடைப் பசைய எடுத்து..." என்றார் சலாவுதீன்.

"அவர் வந்தது நேத்து. நேத்து இங்க சட்டி கவுந்து கிடந்தது. பசை காய்ச்சினது இன்னிக்குக் காலை ஆறு மணிக்கு. ஹயாத் டப்பாவைத் திறந்தது எட்டு மணிக்கு. நடுவுல இந்தச் சட்டிகிட்ட இருந்தது ஒரே ஆள்தான்." ராஜாமணி கவுஸ் பாஷா பக்கம் திரும்பினார்; குரல் தணிந்தது. "லேபிள் ஒட்ட வெறும் கோந்து போதும் பாய். கைப்பழக்கம் உங்களை விடல."

கவுஸ் பாஷாவின் ஊசி நின்றது. பேரேட்டு அட்டைகளுக்கு நடுவிலிருந்து ஒரு கேசட்டை எடுத்து வைத்தார். முதுகில் இரண்டு துண்டும் உடைந்திருந்தன.

"ஏம்ப்பா?" என்றான் ஹயாத்.

"கம்பெனிக் காகிதத்தைப் படிச்சேன். டேப்பைத் திருப்பித் தர மாட்டானாம்." ஊசியைப் பேரேட்டில் குத்தி வைத்தார். "திங்கட்கிழமைக்கு அப்புறம் உன் குரல் வரலன்னா, எனக்குன்னு என்னடா இருக்கும்? மிஷின் கோளாறுன்னு நீ நினைச்சுக்குவேன்னு பார்த்தேன். இத்தனை வருஷம் உன்னைத் திட்டிட்டு, எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு 'எனக்கொண்ணு குடு'ன்னு உங்கிட்டக் கேட்பேன்?"

சென்னப்பன்கூட முறைப்பை விட்டுவிட்டு வெளியே பார்த்தார்.

"என் கடையில ரெண்டு மிஷின் இருக்குதுங்க" என்றார் சலாவுதீன் அவசரமாக. "காப்பி எடுத்துடலாம், இரைச்சல் கொஞ்சம் இருக்கும். ஒரு மணி நேரம் போதும்."

"காப்பி எனக்குப் போதும்" என்றார் கவுஸ் பாஷா. "நல்லது ஊருக்குப் போகட்டும்."

சலாவுதீன் கடையில் ஒரு மிஷினில் பாட்டு ஓட, மற்றதில் பதிவாகிக்கொண்டிருந்தது. கவுஸ் பாஷா கடை ஸ்டூலில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். மகனுக்கு எதிரே அவர் அவன் பாட்டைக் கேட்பது அதுதான் முதல் தடவை. நாலாவது பாட்டில் கிடார் மெல்ல அடங்கியபோது அவர் விரலைத் தூக்கினார்.

"இந்த இடத்துல மூச்சு வாங்குவான் பாருங்க" என்றார். அடுத்த நொடி ஸ்பீக்கரில் ஹயாத்தின் மூச்சு கேட்டது.